தாழ்வு மனப்பான்மையும் விசுவாசமும்: மோசேயின் ஐந்து தயக்கங்கள்

ஓரேப் மலையருகே மாமனார் எத்திரோவின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த மோசேயை, எரியும் முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் அழைத்தார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டு வருவதே பணி. மோசேயோ ஐந்து முறை தயங்கினார் (யாத்திராகமம் 3, 4). பார்வோனிடம் போகத் தாம் எம்மாத்திரம் என்றார். அனுப்பியவரின் பெயரைக் கேட்டால் என்ன சொல்வது என்றார். மக்கள் நம்பமாட்டார்கள் என்றார். தமக்குப் பேச்சு வராது என்றார். ஈற்றில் வேறொருவரை அனுப்பும்படி மன்றாடினார்.

மாணவர்களே, முதலாவது தயக்கத்துக்குக் கிடைத்த மறுமொழியை ஊன்றிக் கவனியுங்கள். மோசே திறமைசாலி என்று கடவுள் கூறவில்லை. தாம் அவரோடு இருப்பதாக வாக்களித்தார். தன்னம்பிக்கைக்கும் விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் இதையே எழுதுங்கள்.

மோசேயின் நாவு குணமாயிற்று எனச் சிலர் விடை எழுதுவதுண்டு. அது பிழை, வேதாகமத்தில் அப்படி இல்லை. ஐந்தாம் தயக்கத்தில் கடவுள் கோபமடைந்தார். ஆயினும் மோசேயைத் தள்ளிவிடாமல், நன்றாகப் பேசக்கூடிய அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். 6ஆம் அதிகாரத்திலும் மோசே அதே குறையைச் சொல்கிறார். அந்தக் குறையோடுதான் பார்வோன் முன் நின்றார். அப்போது அவருக்கு வயது 80, ஆரோனுக்கு 83 (7:7).

எழுந்து வாசிக்கக் கூசும் பிள்ளைகள் எனது வகுப்பிலும் உள்ளனர். இப்பாடத்தன்று அவர்களே அதிகம் கேள்வி கேட்பார்கள். அவர்களில் ஒருவர் கேட்டதையே வினாவாகத் தருகிறேன்.

பயிற்சி வினா: கடவுள் மோசேயின் நாவைச் சீராக்காமல் ஆரோனைக் கொடுத்தது ஏன் என நீர் கருதுகிறீர்? 4ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு விளக்குக.