கிரிக்கெட் மட்டையும் ஸ்கூட்டரும்: எது குற்றம், எது ஆபத்து?

விடிந்தும் விடியாமல் திருப்பதி தாரகராமா மைதானத்துக்கும் சித்தூர் மெசானிக்கல் மைதானத்துக்கும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டர்தான் வசதி. அவர்கள் வீடுகளில் நேரெதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஸ்கூட்டரில் கிட் பேக் ஏற்றினாலே போலீஸ் இருபதாயிரம் ரூபாய் அபராதம் தீட்டிவிடும் என்பது ஒன்று. மட்டை ஒரு கிலோ சொச்சம்தானே, எங்கே வைத்தால் என்ன என்பது மற்றொன்று. இரண்டுமே பொருளைப் பார்க்கின்றன. அது வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. சட்டத்தின் அக்கறையும் சாலையின் ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மட்டைக்கோ ஹாக்கிக் குச்சிக்கோ தடை எதுவும் இல்லை. இருபதாயிரம் என்ற பயம், 2019 திருத்தத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவிலிருந்து வந்தது. அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ துருத்தும் சுமையைப் பற்றியது அது. இருக்கையில் நீளவாக்கில் கட்டிய பையைப் பார்த்து அந்தப் பிரிவை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு நேராகப் பொருந்துவது அதிகம் பேசப்படாத 125ஆம் பிரிவு. ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எந்த ஆளையும் உட்கார வைக்கக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்கிறது அது. எடையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

இந்த அளவுகோலை ஸ்கூட்டரின் ஃபுட்போர்டுக்கு வைத்துப் பாருங்கள். காலியாக இருக்கிறதே என்று பலரும் பையை அங்கேதான் நிறுத்துகிறார்கள். கிரிக்கெட் விதிப்படி மட்டையின் நீளம் 38 அங்குலம் வரை போகலாம். அதைக் கால்களுக்கு நடுவே நிறுத்தினால் கைப்பிடி ஹேண்டில்பாரின் உயரத்துக்கு வந்துவிடும். நேர்ச்சாலையில் இது தெரியாது. திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள நெரிசலில், மெதுவாகப் போய் ஹேண்டிலை முழுதாக ஒடிக்க வேண்டிய இடத்தில்தான் தெரியும். ஒடிக்கிற பக்கத்தில் மட்டை முட்டும், வண்டி சாயும், ஊன்ற வேண்டிய கால் பைக்குப் பின்னால் சிக்கியிருக்கும். ஒரு கிலோ எடை ஒருவரைக் கீழே தள்ளுவது இப்படித்தான். தோளில் குறுக்காக மாட்டிய பையும் லேசுப்பட்டதல்ல. வளைவில் அது ஒரு பக்கம் ஊசலாடும். தொங்கும் வார் பின்சக்கரத்தை நெருங்கும். முதுகோடு நிமிர்த்திக் கட்டிய மட்டையோ, மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கட்டையாக நிற்கும்.

பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்வார் என்பார்கள். பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்வதே, கைகள் பிடிமானத்துக்கு வேண்டும் என்பதால்தான். இரண்டு கையாலும் பையை அணைத்திருப்பவர் ஒரு திடீர் பிரேக்கில் எதைப் பிடிப்பார்? நடுவில் இன்னொரு பையன் ஏறிவிட்டால் 194சி பிரிவு வருகிறது: ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பு.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை, கிரிக்கெட் ஹெல்மெட்டும் ஹெல்மெட்தான் என்பது. 129ஆம் பிரிவு கேட்பது மத்திய அரசு வகுத்த தரத்துக்கு உட்பட்ட தலைக்கவசம். இருசக்கர வாகனத்துக்கு அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151. பாய்ந்து வரும் பந்தைத் தடுக்கக் கம்பி வலை வைத்துச் செய்தது வேறு. ஓடும் வண்டியிலிருந்து தலை சாலையில் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளச் செய்தது வேறு. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். மைதானம் பக்கத்துத் தெருதானே என்று மகளை வெறுந்தலையோடு பின்னால் ஏற்றும் தகப்பன் இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பால் கேனும் கேஸ் சிலிண்டரும் தினமும் ஸ்கூட்டரில் போகின்றனவே, பிள்ளையின் மட்டைக்கு மட்டும் இத்தனை கண்டிப்பா என்று கேட்கலாம். பால்காரர் இருபுறமும் எடை சரியாக இருக்கும்படி இரும்புச் சட்டம் அடித்து, அதே சுமையோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவர். அவருக்கும் ஆபத்து உண்டு. பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த இரும்புச் சட்டமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்கக் காசு எங்கே என்ற கேள்வி இதைவிட நியாயமானது. அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. 2020இல் மத்திய அரசு, நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மிகாத இலகுவான பெட்டியை இருசக்கர வாகனத்தில் பொருத்த இடம் கொடுத்தது. பெட்டி பின்னிருக்கையின் இடத்தைப் பிடித்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம். இருக்கைக்கும் பின்னால் இருந்தால் இன்னொருவரும் உட்காரலாம். கிளவுஸ், ஷூ, பந்து எல்லாம் அதில் அடங்கும். மட்டை படுக்காது. தனியாகப் போகும் நாளில் மட்டைப் பையைப் பின்னிருக்கையில் நீளவாக்கில் படுக்க வைத்து, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தடகளம் பழகும் பிள்ளைகளின் ஈட்டிக்கு இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. ஆண்கள் எறியும் ஈட்டி குறைந்தது 2.6 மீட்டர், எப்படிக் கட்டினாலும் ஸ்கூட்டரைத் தாண்டி நிற்கும், முனையும் கூர். அதை வீட்டுக்கு எடுத்துப்போகும் தேவையே பிள்ளைகளுக்கு வரக் கூடாது. ஈட்டி, ஸ்டம்ப், வலை, தடையோட்டச் சட்டகம் ஆகியவற்றைப் பூட்டி வைக்க மைதானத்திலேயே ஓர் அறை வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். மைதானத்தை நடத்துபவர்களுக்கு அது பெரிய செலவும் அல்ல.