கரைக்குக் கீழே நின்று எடுங்கள்

ஆலங்குடி வட்டாரத்தில் மலையும் இல்லை, கடலும் இல்லை. சாயங்காலம் மேற்கே திரும்பினால் தென்னையும் தைலமரமும் அடிவானத்தை மறைத்து நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் ஆளை வெறும் கறுப்பு உருவமாகக் காட்டும் சிலூவெட் படம் எடுப்பவருக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். ஆளும் கறுப்பு, பின்னால் மரமும் கறுப்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஆள் இருப்பதே தெரியாது.

அதற்கு வழியும் இங்கேயே இருக்கிறது: குளத்துக்கரை. வடக்கு தெற்காக ஓடும் கரையாகப் பாருங்கள். ஆளைக் கரைமேல் நடக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கிழக்குச் சரிவில் இறங்கி, கேமராவைத் தரையோடு தாழ்த்துங்கள். மரவரிசை கரைக்குப் பின்னால் அமுங்கிவிடும். ஆள் உச்சி முதல் பாதம் வரை வானத்தில் நிற்பார். எனக்குப் பிடித்த என் படங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கரைக்கடியில் உட்கார்ந்து எடுத்தவைதான்.

அடுத்தது வெளிக்கோடு. முகம், நிறம், உடை எல்லாம் போனபின் மிஞ்சுவது அது ஒன்றுதான். ஜல்லிக்கட்டுக் காளையை நேர் எதிரே நின்று எடுத்தால் பாறாங்கல் மாதிரி வரும். பக்கவாட்டில் எடுத்தால் திமில், கொம்பு, தொங்குதாடி மூன்றும் தனித்தனியே எழும்பும். அது கால் எடுத்து வைக்கும் நொடியில் அழுத்தினால் நான்கு கால்களுக்கு நடுவேயும் வெளிச்சம் புகுந்து வரும். கூட நடப்பவர் காளையோடு ஒட்டாமல் தள்ளி நடக்கட்டும். இருவருக்கும் நடுவில் கயிறு தெரிந்தால் அங்கே ஒரு உறவே தெரிகிறது. வெளிக்கோடு மட்டுமே பேசும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1926இல் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர், வெட்டிய கறுப்பு உருவங்களை வைத்தே 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படம் எடுத்தார். அதைத் தேடிப் பாருங்கள். கண்ணும் மூக்கும் இல்லாத உருவங்கள் விரலாலும் முதுகின் வளைவாலும் பேசுவதைக் காணலாம்.

வெளிச்சக் கணக்கு எளியது. சூரியனை விட்டு, அதற்குப் பக்கத்து வானத்தில் அளவெடுங்கள். செல்போனில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். எச்.டி.ஆர் வசதியை அணைத்துவிடுங்கள். நாம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பதை அது வெளுக்கப் பார்க்கும். கேமரா என்றால் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8 வைத்து ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். ஃபோகஸ் வானத்தில் வேண்டாம், ஆளின் விளிம்பில் இருக்கட்டும். டி.எஸ்.எல்.ஆர் வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. திரையில் பாருங்கள்.

பெரிய சூரியன் வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது லென்ஸ் மட்டும் தருவதில்லை, தூரம் தருவது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரிதான். ஐந்தரை அடி ஆளின் உயரத்துக்குச் சமமாக அது தெரிய வேண்டுமானால் அவரிடமிருந்து சுமார் 180 மீட்டர் விலகிப்போய், அங்கிருந்து நீண்ட லென்ஸில் இழுக்க வேண்டும். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைச் சிலை 30 அடிக்கு மேல் உயரம். அதே கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் போயாக வேண்டும், நடுவில் தோப்புகள் விடாது. அங்கே சூரியனை மறந்துவிட்டு, அது மறைந்தபின் வரும் இருபது நிமிட வானத்தை நம்புங்கள். குதிரையின் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்து எடுங்கள். கோயில் திருவிழாவான மாசிமகத்தன்று கூட்டமும் குதிரைக்குச் சாத்தும் காகித மாலைகளும் விளிம்பை மறைத்துவிடும். சிலைக்காகப் போகிறவர்கள் வேறு நாளில் போவது நல்லது.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. கொண்டை முறிந்து நின்ற தென்னைகள் அந்தி வானத்தில் அழகாகத்தான் தெரிந்தன. காய்ந்த மட்டையும் தோப்பை இழந்தவரின் முகமும் அந்தக் கறுப்புக்குள் போய்விடும் என்பதால் வந்த அழகு அது. அந்த மரங்களை எடுத்து வைத்திருப்பவர்கள் படத்தைப் பகிரும்போது ஊர்ப்பெயரையும் புயலின் தேதியையும் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.