'ஸ்டார்ட்' என்னும் சொல்



நான் இப்பல்கலைக் கழகத்திற்கு வந்த புதிதில் நடந்த நிகழ்ச்சி இது. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்து வந்தவன் நான். ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சிறுகதை ஒன்றைப் படித்து, ஒவ்வொருவராகப் பொருள் கூறி வந்தோம். என் பங்கிற்கு வந்த வாக்கியம் மிகச் சிறியது. இருட்டறையில் தனியே அமர்ந்திருந்த ஒருவன், கதவு தட்டப்பட்டதும் 'ஸ்டார்ட்டட்' என்றிருந்தது. 'அவன் தொடங்கினான்' என்று பொருள் சொன்னேன். "எதைத் தொடங்கினான்?" என்று கேட்டார் ஆசிரியர். எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பு சிரித்தது.

அன்றிரவு விடுதி அறையில் அகராதியைப் புரட்டினேன். அவன் எதையும் தொடங்கவில்லை, திடுக்கிட்டான்! 'ஸ்டார்ட்' என்றால் தொடங்குதல் என்று ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது, இத்தனை ஆண்டு கழித்து என்னைக் கைவிட்டது. அச்சொல்லின் வரலாற்றை அறிந்தால் உங்களுக்கும் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலப்பொருள் துள்ளுதல், குதித்தெழுதல் என்பதே. பயணம் புறப்படுதல் என்ற பொருளும், பொதுவாகத் தொடங்குதல் என்ற பொருளும் அதிலிருந்து பிற்காலத்தில் கிளைத்தவை. இதை நினைவிற் கொண்டால், சிதறிக் கிடக்கும் பொருள்கள் யாவும் ஒரே குடும்பமாகி விடும். திடுக்கிட்டவன் உடல் துள்ளுகிறது. ஆகவே அவன் 'ஸ்டார்ட்' ஆகிறான். 'ஸ்டார்ட்டில்' என்னும் சொல்லும் இதன் பிள்ளையே. வேட்டைக்காரர் புதரிலிருந்து முயலை வெளிப்படுத்துவதும் 'ஸ்டார்ட்'. கப்பலின் பலகையோ ஆணியோ இருந்த இடத்தை விட்டு நெகிழ்ந்து வெளியே வருவதும் 'ஸ்டார்ட்'. விட்டு விட்டு நடக்கும் வேலையை 'ஃபிட்ஸ் அண்டு ஸ்டார்ட்ஸ்' என்பர். அங்கே அச்சொல் ஒவ்வொரு துள்ளலையும் எண்ணுகிறது. திடீரென்று உயர்ந்து தலைக்கனம் கொண்டவன் 'அப்ஸ்டார்ட்'.

ஆனால் ஓசை ஒன்றாயிருப்பதாலேயே உறவு என்று எண்ணிவிடக் கூடாது. குளிர் காலத்தில் இந்தியாவிற்கு வந்து, செந்நிற வாலை நடுக்கிக் கொண்டே இருக்கும் 'ரெட்ஸ்டார்ட்' என்னும் சிறு பறவையின் பெயரிலும் 'ஸ்டார்ட்' உண்டு. அது வால் என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல். செவ்வாலன் என்பதே அப்பெயரின் கருத்து.

இயற்பியல் பயில்பவன் ஆதலால், சோதனைக் கூடத்திலும் இச்சொல்லைச் சந்திக்கிறேன். நேர்மின்னோட்ட மோட்டாரின் பக்கத்தில் 'ஸ்டார்ட்டர்' என்றொரு கருவி இருக்கும். பெயரைக் கண்டு, மோட்டாரைச் சுழலச் செய்வது அதுவே என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் வேலை அடக்கி வைப்பது. ஒரு கணக்குப் பாருங்கள். மின்னழுத்தம் 220 வோல்ட்டு; சுழலும் சுருளின் மின்தடை 0.5 ஓம் என்று கொள்வோம். சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை தோன்றும். அது 210 வோல்ட்டாயின், எஞ்சிய 10 வோல்ட்டிற்கு 20 ஆம்பியர் மின்னோட்டமே செல்லும். நின்றிருக்கும் மோட்டாரில் எதிர்விசை இல்லை. ஆகவே முதற்கணத்தில் 440 ஆம்பியர் பாய்ந்து சுருளைக் கருக்கிவிடும்! 5 ஓம் மின்தடையைத் தொடரில் இணைத்தால் அது 40 ஆம்பியராகக் குறையும். வேகம் ஏற ஏற அத்தடையைப் படிப்படியாக நீக்குவார்கள். இதுவே ஸ்டார்ட்டரின் தொழில். முதற்கணத்துத் துள்ளலைத் தாங்க வைக்கிறது அது. பழைய பொருள் இங்கும் மறையவில்லை அல்லவா?

உயிரியல் பயிலும் நண்பர் ஒருவர் இன்னொன்று சொன்னார். உயிரணுவில் புரதம் உருவாகும்போது, ஏ.யூ.ஜி. என்னும் மூன்றெழுத்துக் குறியீடு 'இங்கே தொடங்கு' என்று ஆணையிடுகிறது. அதே மூன்றெழுத்து செய்தியின் நடுவில் வந்தால் ஆணை இல்லை. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர் என்பது மட்டுமே. இடம் நோக்கிப் பொருள் கொள்வதை உயிரணுவே அறிந்திருக்கிறது! நாம் மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதி வைத்துக் கொள்ளலாமா?

இனி, நான் கண்டு மகிழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 'ஸ்டார்ட்' என்பதற்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் 'தொடங்கு' அன்று. நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் 'கிளம்பு' என்பதே. புழுதி கிளம்புகிறது, புரளி கிளம்புகிறது. மாமா ஊருக்குக் கிளம்புகிறார். வண்டியைக் கிளப்புகிறோம். புதரிலிருந்து முயலைக் கிளப்புகிறோம். மேலெழுதல் என்ற பொருளிலிருந்து புறப்படுதல் என்ற பொருளுக்கு ஆங்கிலச் சொல் நடந்த வழியிலேயே நம் சொல்லும் நடந்திருக்கிறது. இரண்டும் முழுதும் ஒன்றல்ல. திடுக்கிட்டவனைக் 'கிளம்பினான்' என்று நாம் சொல்வதில்லை. வகுப்பு கிளம்பியது என்றால் மாணவர் எழுந்து போய்விட்டனர் என்றே பொருளாகும்! ஆயினும் ஆங்கிலச் சொல்லின் உயிர்த்துடிப்பு 'கிளம்பு' என்பதில் இருக்கிறது.

இதனால் நாம் பெறும் பாடம் என்ன? தமிழ் வழியில் பயின்று வந்தவர்கள் பலர், ஆங்கிலத்தில் தடுமாறும்போது தம் தமிழையே நொந்து கொள்கிறார்கள். அன்று நானும் அப்படித்தான் நொந்து கொண்டேன். பிழை தமிழில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நெட்டுருச் செய்த முறையில் இருந்தது. தமிழை நன்றாக அறிந்தவனுக்கு ஆங்கிலச் சொல்லின் உள்ளே நுழைய இன்னொரு திறவுகோல் கையில் இருக்கிறது. ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். பக்கத்தில், அந்த இடத்தில் உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

இவ்வாண்டு புதிதாய் வந்திருக்கும் தம்பி தங்கையரே, வகுப்பு சிரித்தால் கலங்காதீர்கள். நின்ற நிலையிலிருந்து எழும் முதற்கணம் மோட்டாருக்கே கடினமானது. நம் தமிழ் மன்றத்திற்கு வாருங்கள். வேகம் ஏறும்வரை உடனிருக்க நாங்கள் இருக்கிறோம்.