சோற்றுக்கை தொங்கிப்போன தம்பிக்கு

பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட விழுந்திருக்கிறாய். எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தொங்குகிறது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்களில் அடி. எனக்கும் அதே வலது கைதான், நீ பிறப்பதற்கு முன்பே. கோவையில் லேத் பட்டறை வேலை அப்போது. வைத்தியத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள். வீட்டுக்கு வந்த பிறகு உள்ள பாட்டை நான் சொல்கிறேன்.

1. முதல் ஆறு மாதம் அவசரப்படு. "எண்ணெய் போட்டு நீவினால் வந்துவிடும்" என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். நீவினால் தசைக்கு இதம், அவ்வளவுதான். தண்டுவடத்திலிருந்து நாற்று மாதிரி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த நரம்பு எந்த எண்ணெய்க்கும் திரும்பி ஒட்டாது. எம்.ஆர்.ஐ., நரம்பு டெஸ்ட் எல்லாம் எடுத்து, நரம்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டரை மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடு. ஒன்றரை வருஷம் நரம்பு வந்து சேராத தசை, பிறகு நரம்பு வந்தாலும் எழுந்திருக்காது.

2. அதன் பிறகு அவசரப்படாதே. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து விரல் வரை கணக்குப் போட்டுப் பார், இரண்டு வருஷம் தாண்டும். அதனால்தான் டாக்டர்கள் முழங்கை மடங்குவதையும் தோளையும் முதலில் பார்க்கிறார்கள். ஐந்து வேரும் போயிருந்தால் விரல் அசைவை அதிகம் எதிர்பார்க்காதே. முழங்கை மடங்கினாலே பையை மாட்டலாம், ஃபைலை விலாவோடு அணைத்துக்கொள்ளலாம். அது பெரிய காரியம் என்பது கிடைத்த பிறகுதான் தெரியும்.

3. விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பை எடுத்துக் கைக்குக் கொடுத்திருந்தால், ஆரம்பத்தில் மூச்சை இழுத்தால்தான் முழங்கை மடங்கும். இருமினால் துள்ளும், தும்மினால் துள்ளும். வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள், நீயும் சிரி. மூளை மெல்லக் கற்றுக்கொண்டு, மூச்சைத் தனியாகவும் கையைத் தனியாகவும் பிரித்துவிடும். பிசியோவில் சொன்னதைத் தினமும் செய். அசையாத விரல்களையும் மறு கையால் மடக்கி நீட்டு. மூட்டு இறுகிவிட்டால், நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை.

4. உணர்வில்லாத கையைக் கண்ணால் காவல் காக்க வேண்டும். டீ கிளாஸ், இஸ்திரிப்பெட்டி, வண்டி சைலன்சர், குக்கர் ஆவி எதுவும் அதற்குச் சுடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ராத்திரி படுக்கும்முன் உள்ளங்கை, முழங்கை, நகக்கண் மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார். நடக்கும்போது ஸ்லிங் போட்டுக்கொள். தொங்கவிட்டால் கை வீங்கும், அதன் பாரத்தில் தோள் மூட்டும் நழுவும். "அந்தக் கை" என்று பேசுவதை நிறுத்து. உன் கைதான் அது.

5. வலி. தொட்டால் தெரியாத கை, உள்ளே நெருப்பாக எரியும். விரல்களை இடுக்கியில் வைத்து நசுக்குவது போல இருக்கும், திடீரென்று கரண்ட் அடிக்கும். "உணர்ச்சியே இல்லாத கையில் வலியா?" என்று கேட்பார்கள். விளக்கிக்கொண்டிருக்காதே. சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. காபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளை டாக்டர் எழுதுவார். அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரையோடு குவார்ட்டர் சேர்ந்தால் ஆபத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வலி ஏறும். எனக்கு மருந்துக்கு அடுத்தபடி உதவியது, கணக்கு எழுதுகிற வேலை.

6. பந்தியில் இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கும். வீட்டில் பழகிவிடலாம், கல்யாண வீட்டில்தான் கஷ்டம். பக்கத்து இலைப் பாட்டி "சோத்துக்கை அந்தப் பக்கம் இருக்கு சாமி" என்பாள். "அது வேலைக்கு ஆகாதுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறி. வெட்கப்பட்டு விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையை விட அதில்தான் அவர்கள் அதிகம் இழந்தார்கள்.

7. இடது கையால் கையெழுத்துப் பழகி, வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்துவிடு. லுங்கிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பேன்ட். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் வாங்கிவிடு. 2016 சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு மருத்துவச் சான்றில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

8. இழப்பீட்டு வழக்கை ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து கேட்கிற ஆளிடம் கொடுக்காதே. எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோ ரசீது வரை ஒரே ஃபைலில் வை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது, அதற்குள் மனுப் போட்டுவிடு. முக்கியமாக ஒன்று: சான்றில் உள்ள சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் உள்ள இழப்பும் ஒன்றல்ல. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே நீ செய்த வேலை என்ன, அதற்கு எந்தக் கை எப்படித் தேவை என்பதை வக்கீலிடம் விவரமாகச் சொல். லேத்தில் ஒற்றைக் கைக்கு வேலையில்லை என்பதைக் கோட்டு போட்டவர் தானாக ஊகிக்க மாட்டார்.

9. மறுபடி ஓட்டலாமா என்பாய். பைக்கை மறந்துவிடு. ஆட்டோமேட்டிக் காரை ஒரு கைக்குத் தோதாக மாற்றி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவரை பின்சீட்டுதான். ஹெல்மெட் பட்டையை ஒரு கையால் மாட்ட நேரமாகும். முன்னால் இருப்பவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும், மாட்டி முடித்த பிறகு ஏறு.