கைப்பிரதியும் சிற்றிதழும்

சிற்றிதழ் என்றால் குறைவாக விற்கும் இதழ் என்று தேர்வுத்தாளில் எழுதுகிற மாணவர் பலர். அது பாதி விடைதான். பெரிய இதழில் எழுதுபவர் ஒருவர், அச்சுக்குக் கொடுப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். சிற்றிதழிலோ பெரும்பாலும் மூவரும் ஒருவரே.

சி. சு. செல்லப்பாவை எண்ணிப் பாருங்கள். 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’, 1970 வரை 119 இதழ்கள் வந்தது. ஆசிரியரே புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அலைந்தார். வணிக இதழ்கள் ஏற்கத் தயங்கிய புதுக்கவிதை அவ்விதழில்தான் வேர் பிடித்தது. சேலத்திலிருந்து 1968இல் தோன்றிய ‘நடை’ எட்டே இதழ்களில் நின்றது. கோவையில் 1971இல் பிறந்த ‘வானம்பாடி’க்கு விலையே கிடையாது.

இவ்வுணர்வு நமக்கு மட்டும் உரியதன்று. 1976இல் இலண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர், பங்க் இசைக்காக ‘ஸ்னிஃபின் குளூ’ என்னும் இதழைத் தாமே தட்டச்சு செய்து, தலைப்புகளைக் கையால் எழுதி, ஒளிநகல் எடுத்துப் பரப்பினார். அவர் விரும்பிய இசையைப் பற்றி அவர் விரும்பியபடி எழுத வேறு இதழ் இல்லை.

அச்சுக்கும் வழியில்லாதவர்க்கு இருந்தது கையெழுத்து இதழ். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1985 கோடை விடுமுறையில், மருதையாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் நால்வர் ஓர் இதழ் நடத்தினோம். கார்பன் தாள் வைத்து எழுதினால் மூன்று படிகள் தேறும். மூன்றாவதைப் படிக்க நல்ல கண் வேண்டும். ஆகவே எழுத்து அழகாக இருந்தவனே ஆசிரியன்! (நான் அல்லன்.) மைதாப் பசையால் படம் ஒட்டினோம். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டோம், படித்தவர் கருத்தெழுத. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படி கைமாறியது. பிழைகளைச் சுட்டி, எங்களைவிட நன்றாக எழுதியவர் ஒரு தையற்காரர்.

இரண்டாம் இதழுக்காகச் சாத்தனூர்க் கல்மரத்தைக் காண மிதிவண்டியில் சென்றோம். கல்லாகிக் கிடந்த அந்த 18 மீட்டர் அடிமரத்தைக் கயிறு பிடித்து அளந்தோம். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த செய்தி எங்களுக்கு அப்போது தெரியாது. ஆனால் அங்கே ஆடு மேய்த்த முதியவர் அம்மரம் பற்றிச் சொன்ன கதையை முழுவதும் எழுதிக்கொண்டோம். எந்தப் பாடநூலிலும் அதை நான் இதுவரை படித்ததில்லை.

அவ்விதழின் மூன்று படிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. ஒன்று மழையில் நனைந்தது. ஒன்றைக் கரையான் தின்றது. மற்றதை இரவல் வாங்கியவர் யாரென்றே நினைவில்லை. கதையிலும் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது.

புதுக்கோட்டை ஞானாலயாவில் பழைய இதழ்களின் முதல் இதழ்களைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அச்சானவற்றுக்கு அந்த வாய்ப்பேனும் உண்டு. கையெழுத்து இதழ்களோ வீட்டுப் பரண்களில்தான் கிடக்கும். மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தா, சித்தப்பாக்களிடம் கேளுங்கள். ஏதேனும் கிடைத்தால், கிழிந்திருந்தாலும் தமிழ்த் துறைக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.