ஆமைக்குஞ்சு வளர்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

கையில் ஒரு சின்னப் பெட்டியோடு என் வீட்டுக் கதவைத் தட்டுகிற இளசுகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்ல எனக்கு இப்போது மூச்சு போதவில்லை. ஆகவே எழுதிவிட்டேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஹெர்மன் ஆமைக்கு. ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி, பால்கன் நாடுகள் என்று மத்தியதரைக் கடலின் வடகரையில் வாழும் தரை ஆமை இது. இங்கிலாந்தில் வீட்டில் வளர்க்கவும் குஞ்சு பொரிக்க வைக்கவும் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆப்பிரிக்கப் பாலைவன ஆமைக்கோ மழைக்காட்டு ஆமைக்கோ கணக்கு வேறு.

1. முதலில் காகிதம், பிறகு ஆமை. ஹெர்மன் ஆமை சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. பிரிட்டனில் அதை விற்பவரிடம் பத்தாம் பிரிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். குஞ்சின் உடம்பு மைக்ரோசிப் போடுகிற அளவுக்கு இருக்காது, அடி ஓடு 60 மில்லிமீட்டர் வளர்ந்த பிறகே அந்தப் பேச்சு. அதுவரை சான்றிதழ்தான் அதன் அடையாளம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1984இல் இறக்குமதிக்குத் தடை வரும்வரை மத்தியதரைக் கடல் ஆமைகளைக் காட்டிலிருந்து பிடித்துக் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்து விற்றார்கள். அவற்றில் பெரும்பகுதி ஓரிரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஊரில் சொல்வார்கள். காகிதம் இல்லாத ஆமையை வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள்.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல் அதை உலக வர்த்தகத் தடைப்பட்டியலின் முதல் அட்டவணைக்கே ஏற்றிவிட்டார்கள். "குழந்தை ஆசைப்பட்டது" என்பது வழக்கில் நிற்காது.

2. முட்டையைப் பிளக்காதீர்கள். மூக்கு நுனியில் இருக்கும் சின்ன முள்ளால் குஞ்சே ஓட்டைக் கீறிக்கொண்டு வரும். ஓட்டை விழுந்த பிறகும் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள், தலையை மட்டும் காட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். பார்ப்பவருக்குத்தான் பதற்றம். அது சும்மா இருக்கவில்லை. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஓட்டை உரித்து உதவி செய்தால் பை கிழியும், குஞ்சு சாகும். பை வெளியே தெரியும்படி வந்துவிட்டால், ஈரமான சமையலறைக் காகிதத்தின் மேல் வைத்து, பொரிபெட்டியின் சூட்டிலேயே விட்டுவிடுங்கள். பை மறைந்த பிறகுதான் மண்ணில் விடலாம்.

வெளியே வந்த குஞ்சு பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். முட்டைக்குள் மடங்கிக் கிடந்ததால் ஓடு கோணலாகத் தெரியும், சில நாளில் நிமிர்ந்துவிடும். முதல் வாரம் எதையும் தின்னாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சள்கரு அதற்குச் சோறு.

3. ஈரம். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்து மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் உங்கள் ஆமை பிழைத்துக்கொள்ளும் என்பது என் கட்சி.

நாங்கள் தொடங்கிய காலத்தில் எல்லோரும் ஆமை என்றால் வறண்ட நிலம் என்றே நினைத்தார்கள். திறந்த மேசை, காய்ந்த மண், உச்சியில் சுடும் விளக்கு. அப்படி வளர்ந்த ஆமைகளை இன்றும் பார்க்கலாம். ஓட்டின் ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாக எழும்பி நிற்கும். அது அழகில்லை, வளர்ச்சிக் கோளாறு. ஒருமுறை எழும்பிய கூம்பு ஆயுசுக்கும் இறங்காது. புரதம் அதிகமாகிவிட்டது, கீரை சரியில்லை என்று தீனியின் மேலேயே வெகுகாலம் பழி போட்டார்கள். வீஸ்னர், இபென் என்ற இருவர் ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக்குஞ்சுகளை வைத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டதைப் பாருங்கள். புரதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் பெரிய வித்தியாசமில்லை. காற்றில் ஈரம் குறைந்த இடத்தில் வளர்ந்தவற்றுக்குத்தான் கூம்பு பெரிதாக வந்தது. இனம் வேறு என்றாலும், ஹெர்மன் குஞ்சை ஈரத்தில் வளர்ப்பவர்கள் கண்டதும் இதுவே.

காட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. கோடை முடிந்து இலையுதிர்காலத்து மழை தொடங்குகிற சமயத்தில் குஞ்சுகள் மண்ணைக் கீறிக்கொண்டு வருகின்றன. பெரிய ஆமை வெயிலில் உலாத்தும். குஞ்சு அப்படிச் செய்யாது. புதர் வேரடியில், மக்கிய சருகுக்குக் கீழே, ஈரம் தங்கும் இடத்தில் பதுங்கியே முதல் வருஷங்களைக் கழிக்கும். மலை முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் அது இருக்கும் உள்ளங்கை அகல இடம் ஈரமாகத்தான் இருக்கும்.

ஆகவே மூடி போட்ட பெட்டி வேண்டும், காற்றுக்குச் சின்னத் துளைகள் போதும். உரம் கலக்காத தோட்டமண்ணையும் தென்னை நார்த்தூளையும் கலந்து நான்கு விரல் ஆழத்துக்குப் பரப்புங்கள். மேலே தெளிப்பதைவிட மூலைகளில் தண்ணீர் ஊற்றுவது நல்லது. அடிமண் நனைந்து மேல்மண் லேசாகக் காய்ந்திருக்க வேண்டும். மேல்பரப்பே சொதசொதவென்று குளிர்ந்து கிடந்தால் அடி ஓடு புண்ணாகும். ஒரு மூலையில் பாசி நிரப்பிய மறைவிடம், நடுவில் ஒன்றிரண்டு செடிகள். குஞ்சு பாதி நாள் கண்ணில் படாது. பிள்ளைகள் ஏமாந்து போவார்கள், போகட்டும். தேடித் தோண்டி எடுத்துக் காட்டுவதை நிறுத்துங்கள்.

4. சூடு மேலேயிருந்து வர வேண்டும். ஆமைக்கு வெயிலைத் தெரியும், அடியிலிருந்து வரும் சூட்டைச் சரியாக உணராது. சூட்டுப் பாயைக் கீழே விரித்தால் வயிறு வெந்தாலும் நகராமல் கிடக்கும். விளக்குக்கு நேர் கீழே 30 முதல் 33 டிகிரி செல்சியஸ், எதிர்மூலையில் 20, 22 டிகிரி. இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் இரவுக் குளிர் அதற்கு நல்லதே. ராத்திரி முழுக்கச் சிவப்பு விளக்கு எரியவிடும் பழக்கத்தைக் கடைக்காரர் கற்றுக்கொடுத்தால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், செய்யாதீர்கள்.

புற ஊதாக் கதிர் விளக்கு தனி. அது இல்லாமல் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகாது, டி3 இல்லாமல் தின்ற சுண்ணாம்பு எலும்பில் சேராது, ஓடு ரப்பர் ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே ஜன்னலோர வெயில் கணக்கில் வராது. குழல்விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதில் வரும் கதிர் வற்றிவிடும். தயாரிப்பாளர் சொன்ன கெடு வந்ததும் மாற்றுங்கள்.

5. தினமும் குளியல். கை வைத்தால் சூடும் தெரியாத, குளிரும் தெரியாத தண்ணீர். குஞ்சு நின்றால் தாடை அளவு இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம். குடிக்கும், கழியும். வெள்ளையாகக் கூழ் போல் வருவது இயல்பு. அது மணல்போல் நறநறவென்று இருந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. சமையல் தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அதற்குத்தான். சின்னக் குழந்தைகள் முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

6. தீனி. களைதான் விருந்து. பக்கத்து வீட்டுக்காரர் மருந்தடித்துக் கொல்லப் பார்க்கும் டான்டிலயன், சோதிசில், புல்தரையில் அகல இலை விரிக்கும் பிளான்டேன் களை, மால்லோ, நம் செம்பருத்தி இலையும் பூவும், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. பல இலைகளைக் கலந்து பொடியாக நறுக்கிப் போடுங்கள். நாய் நடக்காத, மருந்து அடிக்காத இடத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு ஜன்னலோரத் தொட்டியில் விதைத்து வைத்துக்கொள்ளலாம். டாஃபடில், பட்டர்கப், ஃபாக்ஸ்குளோவ் பக்கமே போகக் கூடாது, விஷம். சந்தேகம் வந்தால் 'தி டார்டாய்ஸ் டேபிள்' அமைப்பு தொகுத்திருக்கும் செடிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழம் வேண்டாம். வாழைப்பழத்துக்கு ஓடி வரும்தான், ஆனால் இதன் குடல் நார் செரிக்கப் படைக்கப்பட்டது, சர்க்கரையில் குழம்பிவிடும். பசலை வகைக் கீரையில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், தினமும் போடக் கூடாது. பட்டாணி, பருப்பு, ரொட்டி, பூனைத் தீனி எதுவும் கூடாது. விருந்துக்கு வரும் மாமி ஒரு பருக்கை சோறாவது ஊட்டாமல் போக மாட்டார். பெட்டிக்குப் பூட்டு இருந்தால் நல்லது. கணவாய் ஓடு ஒரு துண்டு எப்போதும் உள்ளே கிடக்கட்டும், வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

7. தராசு வாங்குங்கள். ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு போதும். வாரம் ஒருமுறை, குளியலுக்கு முன், அதே கிழமையில். மாதத்துக்கு ஒன்று முதல் மூன்று கிராம் ஏறினால் நல்ல நடை. நண்பரின் ஆமை இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது என்று கேட்டுப் பொறாமைப்படாதீர்கள். தீனியைத் திணித்து ஓட்டிய வளர்ச்சியில் ஓடும் உள்ளுறுப்பும் பின்தங்கிப்போகும். எடை தொடர்ந்து இறங்கினாலோ, மூக்கில் நீர் குமிழ்விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். எல்லா விலங்கு மருத்துவருக்கும் ஆமை தெரியாது. ஆமை வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

8. துணைக்கு இன்னொன்று என்று இரண்டாக வாங்க வேண்டாம். ஆமைக்குத் தனிமை ஒரு துக்கமில்லை. இரண்டு இருந்தால் ஒன்று மற்றதன் தீனியையும் விளக்கையும் மறித்துக்கொள்ளும். பக்கத்தில் படுத்திருப்பதை நாம் பாசம் என்போம், அது அதிகாரம். வேறு இன ஆமையோடு சேர்ப்பது இன்னும் மோசம். ஹோர்ஸ்ஃபீல்ட் ஆமையும் கிரேக்க ஆமையும் நோய் காட்டாமல் சுமக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஹெர்மன் ஆமையைக் கொன்றுவிடும்.

9. பெட்டியில் செங்குத்தான கல் வைக்காதீர்கள். ஏறி மல்லாந்துவிடும். விளக்குக்கு நேர் கீழே மல்லாந்து புரள முடியாமல் கிடந்தால் ஒரு மதியமே போதும்.

10. வெயில் நல்ல நாளில் வெளியே விடலாம், விடத்தான் வேண்டும். எந்த விளக்கும் சூரியன் ஆகாது. ஆனால் மேலே கம்பி வலை கட்டாயம். மேக்பை, காகம், எலி, நரி எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு கிராம் என்பது ஒரு வாய். பாதி இடத்தில் நிழல் இருக்கட்டும்.

11. பெயர் வைக்கும்போது கொஞ்சம் பொறுமை. முட்டை ஏறத்தாழ 31.5 டிகிரிக்குக் கீழே அடைபட்டிருந்தால் பெரும்பாலும் ஆண், மேலே என்றால் பெண். பொரித்தவரைக் கேட்டால் ஊகிக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்லச் சில வருஷங்கள் ஆகும். செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் வைட் 1780இல் தன் அத்தையின் ஆமையை எடுத்துக்கொண்டு வந்தார். திமோதி என்ற ஆண் பெயரோடே அது 1794இல் செத்தது. பிறகு ஓட்டை ஆராய்ந்தபோதுதான் பெண் என்று தெரிந்தது. வைட் இறந்த பிறகும் திமோதி ஏறத்தாழ ஒரு வருஷம் வாழ்ந்தது என்பதையும் கவனியுங்கள். ஐம்பது வயதைத் தாண்டும் பிராணி இது. உங்களுக்குப் பின் யாரிடம் போகும் என்பதை இப்போதே பேசி வைப்பது அபசகுனமில்லை.

12. குளிர்கால உறக்கம். இதில் பெரியவர்களே இரண்டு கட்சி. காட்டில் பிறந்த குஞ்சு முதல் குளிர்காலத்திலேயே உறங்கத்தான் செய்கிறது. ஆகவே உறங்கவைப்பதே இயல்பு என்கிறது ஒரு கட்சி, நானும் அதில்தான். ஆனாலும் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது வேறு. முதல் வருஷம் விளக்கைக் குறைக்காமல், குளியலை நிறுத்தாமல் விழிப்பிலேயே கடத்துங்கள். அதற்குள் உங்கள் ஆமையின் நடையும் தீனியும் எடையும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டுக்கும் நடுவில் விடுவதுதான் ஆபத்து. 12, 13 டிகிரி இருக்கும் அறையில் குஞ்சு தூங்கவும் மாட்டாது, தின்னவும் மாட்டாது. சேர்த்து வைத்த சத்து மட்டும் எரிந்துகொண்டே போகும். 'ப்ளூ பீட்டர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆமையைப் பெட்டியில் வைத்து மூடுவதை ஒரு காலத்தில் ஆண்டுதோறும் காட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் அட்டைப்பெட்டியும் பரண்மேலுமாகத்தான் யோசிக்கிறது. பரணில் ஒருநாள் உறையும், ஒருநாள் வெதுவெதுக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் எத்தனையோ ஆமைகள் போயிருக்கின்றன.

அடுத்த வருஷம் செய்யும்போது, எடை சீராக ஏறிய, நோயில்லாத குஞ்சாக இருக்க வேண்டும். தீனியை இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள், குளியல் மட்டும் தொடரட்டும். சூட்டைப் படிப்படியாக இறக்கி, ஈரமண் நிரப்பிய சின்ன டப்பாவில் வைத்து, தனிக் குளிர்ப்பெட்டியில் 5 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம். சாப்பாடு வைக்கும் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், கதவு திறந்து மூடியே வெப்பம் ஏறி இறங்கும். இருந்தாலும் காற்றுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் கதவைத் திறந்து மூட வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் கெடு முடியவில்லை என்று காத்திருக்காமல் எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் முதலில் வெதுவெதுப்பான குளியல், பிறகு விளக்கு. இலையை மறுநாள் வையுங்கள், அன்றே தின்னவில்லை என்று எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம்.