சாயத் தொட்டியில் நிகழும் மோதல்

நூலில் சாயம் நிலைப்பதும் கழன்று ஓடுவதும் கைராசியைப் பொறுத்தவை என்று கருதுவோர் நம் சங்கங்களில் இன்னும் உளர். சின்னாளப்பட்டிச் சேலையொன்று முதற் சலவையிலேயே நிறம் விட்டுத் திரும்பி வருமாயின், சாயக்காரர் நூலைக் குறை கூறுவார்; நெசவாளர் சாயக்காரரைக் குறை கூறுவார். நஷ்டமோ சங்கக் கணக்கில் ஏறும். காரணத்தைத் தொட்டிக்குள்ளேயே தேடுதல் நலம்.

எப்பொருளின் நுண்துகள்களும் ஓயாமல் இயங்குகின்றன. இரு பொருள்கள் கூடிப் புதுப்பொருள் ஆக வேண்டுமாயின் அவற்றின் துகள்கள் முதலில் மோதியாக வேண்டும். எனினும் மோதியவை எல்லாம் கூடிவிடுவதில்லை. போதிய வேகத்தோடும், பொருந்தும் முகம் எதிர்ப்பட்டும் மோதுபவையே இணைகின்றன. ஏனையவை வந்த வழியே விலகுகின்றன. ஜெர்மனியில் மாக்ஸ் டிராவுட்ஸ் 1916இலும், இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் 1918இலும் இதனைத் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினர்.

வெப்பம் பத்து டிகிரி கூடினால் பல இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மோதல்களே இருமடங்காகின்றன என்று எண்ணத் தோன்றும், அது சரியன்று. வாயுக்களில் கணக்கிட்டுப் பார்த்தால் மோதல்களின் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டுகூட உயர்வதில்லை. உயர்வது, வேண்டிய வேகம் பெற்ற மோதல்களின் பங்கு.

இனி நம் தொட்டிக்கு வருவோம். 1956இல் புரோசியான் என்னும் பெயரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த வினைச்சாயங்கள், பழைய நேர்ச்சாயங்களைப்போல் இழையில் வெறுமனே தங்குபவை அல்ல; இழையோடு இரசாயன முறையில் பிணைபவை. ஆனால் நீரில் பஞ்சிழையும் சாயத்துகளும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவையாதலின் ஒன்றையொன்று தள்ளும். கறியுப்பு அத்தடையைத் தணித்துச் சாயத்தை இழையருகே சேர்க்கிறது. சிட்டத்தைப் புரட்டுவதும் எல்லா இழைக்கும் சாயம் சென்று சேர்வதற்கே. பின்னர் சோடா உப்பு இட்டதும் இழை சாயத்தோடு கூடும் நிலையை அடைகிறது.

இங்கேதான் இக்கட்டு. தொட்டியில் நூலைவிடத் தண்ணீரே மிகுதி. சோடா கலந்த நீரும் சாயத்தோடு மோதிக் கூடிவிடுகிறது. அவ்வாறு கூடிய சாயத்தைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. நிறம் இருக்கும், பிணையும் திறன் இராது. அதுவே இழைமேல் ஒட்டியிருந்து சலவையில் ஓடுவது. சோடாவை முதலிலேயே கொட்டுவதும், மீந்த கரைசலை மறுநாளைக்கென மூடி வைப்பதும், காசு கொடுத்து வாங்கிய சாயத்தைத் தண்ணீருக்குத் தாரை வார்ப்பதாகும். இறுதியில் கொதிநீரில் சோப்பிட்டு அலசுவதை வீண் செலவென்பாரும் உண்டு. பிணையாத சாயத்தை அகற்ற அதுவே வழி.

விவசாய அங்கத்தினர்க்கும் இது புதிதன்று. மாலத்தியான் போன்ற மருந்தைச் சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு கலந்தால் அது வீரியம் இழப்பது இவ்வகை மாற்றத்தாலேயே.

மார்கழி விடியற்காலையில் திண்டுக்கல் கிணற்றடியில் இறக்கும் சிட்டமும், சித்திரைப் பிற்பகலில் இறக்கும் சிட்டமும் ஒரே நேரம் ஊறினால் ஒரே நிறம் பெறா. குளிர்வகைச் சாயத்துக்கு 30 முதல் 40 டிகிரி வரையும், வெந்நீர் வகைக்கு 80 டிகிரி அளவிலும் வெப்பம் வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. வெப்பமானி ஒன்று வாங்கி, தொட்டியின் சூட்டையும் சோடா இட்ட நேரத்தையும் சாயப் பதிவேட்டில் தொட்டிதோறும் எழுதி வருக. சேலை திரும்பி வரும் நாளில், வழக்கு அந்த ஏட்டைப் பார்த்தே தீரும்.